துறைமுகம் யாருக்குத் திறந்தது?

பொழுது புலர்ந்து ஒரு நாழிகைகூட ஆகவில்லை. பழைய துறைமுகத்தின் கரையில் மீன்கடை கூடிவிட்டது. இரவெல்லாம் கடலோடு மல்லாடிய படகுகள் வந்து நிற்கின்றன. தொட்டிகளில் மீன்கள் இன்னமும் வாலடித்துத் துள்ளுகின்றன. விற்போர் எழுப்பும் குரல் நம் கடலூர்த் துறையை நினைவூட்டுகிறது. விலை கேட்கும் வாய்களோ பலப்பல! பிரெஞ்சு ஒருபுறம், அரபு ஒருபுறம், இத்தாலியச் சாயல் ஏறிய பேச்சு ஒருபுறம், ஆப்பிரிக்க மொழிகள் ஒருபுறம். இதுதான் மார்சேய். பிரான்சு நாட்டின் தென்கரையில், மத்தியதரைக் கடலை நோக்கி நிற்கும் பெருந்துறை. 2,600 ஆண்டு மூப்புடைய நகரம்.

பள்ளி ஆசிரியருக்கு மார்சேயில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் கல்லூரித் தோழர் ஒருவர், புதுச்சேரிக்காரர், அங்கே பணிபுரிகிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகையைக் கொண்டு, மே மாத விடுமுறையில் அவர் வீட்டு விருந்தாளியானோம். வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் நமக்கு, ஒரு நகரைக் காலால் நடந்து கற்க வேண்டும் என்ற அவா நெடுநாளாக உண்டு. "ஒரு நாள் ஊருக்குள்ளே, இரண்டு நாள் கரையோரம். கால் வலித்தால் என்னைத் திட்டாதேப்பா" என்று சொல்லித்தான் தோழர் வீட்டுக் கதவைப் பூட்டினார்.

மீன்கடைக்கு அருகே, தரையில் ஓர் உலோகப் பட்டயம் பதிக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 600ஐ ஒட்டி, ஃபொசியா நகரத்துக் கிரேக்கக் கடலோடிகள் இங்கே கரையிறங்கினர் என்பது அதன் செய்தி. ஃபொசியா இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த ஊர். இறங்கியவர்கள் எப்படி இடம் பெற்றனர்? பண்டைய ஆசிரியர்கள் ஒரு கதை சொல்கின்றனர். அந்நிலத்து அரசன் நன்னுஸ் தன் மகளுக்கு மணவிருந்து வைத்திருந்தான். அவள் பெயர் கிப்திஸ். கூடியிருப்போருள் எவனுக்கு அவள் தன் கையால் கிண்ணத்தை நீட்டுகிறாளோ, அவனே மணமகன். அவள் தன் இனத்து இளைஞர் அனைவரையும் கடந்து சென்று, அன்றுதான் கப்பலை விட்டிறங்கிய புரோத்திஸ் என்னும் கிரேக்கனிடம் கிண்ணத்தை நீட்டினாள்! அரசன் சீறவில்லை. மகளின் விருப்பத்தை ஏற்றான். மருமகனுக்கு நிலமும் தந்தான். அந்த நிலத்தில் எழுந்ததே மசாலியா, இன்றைய மார்சேய்.

கதைதான், மெய்யென்று நாம் வாதிட வரவில்லை. ஆனால், தம் ஊர் பிறந்த வகையைச் சொல்ல ஒரு மக்கள் எந்தக் கதையைப் போற்றி வைத்தனர் என்பதே ஒரு வரலாறு. அங்கே கனவில் தெய்வம் வரவில்லை. வேள்வித் தீ எழவில்லை. பகைவர் தலைகள் உருளவில்லை. ஒரு பெண் தானே தேர்ந்தாள். தேர்ந்தது அயலானை. குலம் கேட்டாரில்லை, கோத்திரம் கேட்டாரில்லை, நாளும் கோளும் பார்த்தாரில்லை! ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு நகரம் பிறந்தது என்று நம் மாணவர்களுக்குச் சொன்னால், அவர்கள் விழிகள் விரியாமல் இருக்குமா?

அந்த நகரத்திலிருந்து கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பித்தியாஸ் என்பவர் கலம் செலுத்திச் சென்று, பிரிட்டன் தீவையும் அதற்கப்பாலுள்ள வடகடலையும் கண்டு எழுதினார். பிரான்சின் நாட்டுப்பண்ணும் இந்நகரின் பெயரையே தாங்கியிருக்கிறது. பாடல் பிறந்தது ஸ்ட்ராஸ்பூர்க் நகரில். ஆனால் 1792ஆம் ஆண்டு கோடையில் மார்சேய்த் தொண்டர்கள் அதைப் பாடிக்கொண்டே பாரிசுக்கு நடந்தனர். மன்னராட்சி சாய்ந்த ஆகஸ்டு 10ஆம் நாள் அவர்கள் அங்கே இருந்தனர். பாடலுக்குப் பெயர் சூட்டியவர் புலவர் அல்லர். நடந்து சென்ற எளிய மக்களே.

நம் நாட்டுக்கும் இந்நகருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டா? உண்டு. சோழமண்டலக் கரையில் நம்மவர் நெய்து வண்ணம் தீட்டிய பருத்தித் துணிக்கு 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பா மயங்கிக் கிடந்தது. 'இந்தியத் துணி' என்று பெயரிட்டு, ஆர்மீனியக் கைவினைஞர் துணையோடு அதைப் போலவே அச்சிட மார்சேய் கற்றுக்கொண்டது. பட்டு, கம்பளி முதலாளிகள் பதறினர். 1686இல் பிரான்சு அரசு அத்துணிக்கே தடை விதித்தது; 1759 வரை தடை நீடித்தது. தடையா அழகை அழிக்கும்? இன்றும் அவ்வூர்க் கடைகளில் பூவும் கொடியும் இழையோடும் துணிகள் தொங்குகின்றன. வேரைத் தேடினால் அது நம் கரையில் முடிகிறது.

பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுக் கொல்லைகளில் விளைந்த மல்லாட்டை, புதுச்சேரியில் கப்பலேறி மார்சேய் ஆலைகளுக்குச் சென்றது. அங்கே அது எண்ணெயாயிற்று, எண்ணெய் சோப்பாயிற்று. உலகின் அழுக்கைப் போக்கிய மார்சேய் சோப்பில், பெயரறியா நம் உழவனின் வியர்வையும் கரைந்திருந்தது.

இதற்கு நன்றி சொன்னார்களா? சேன்-சார்ல் தொடர்வண்டி நிலையத்தின் பெரும் படிக்கட்டுக்கு நம்மை அழைத்துச் சென்றார் தோழர். 1920களில் கட்டப்பட்டது, 104 படிகள். அதன் இருமருங்கிலும் இரண்டு கற்சிலைகள். இரண்டும் சாய்ந்து கிடக்கும் பெண்கள். ஒருத்தி ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள்; மற்றொருத்தி ஆசியக் குடியேற்ற நாடுகள். தோழரின் பாட்டனார் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இந்தத் துறையில்தான் இறங்கினாராம். "இவள்தான் என் பாட்டனைப் பெற்றவள். நிமிர்ந்து உட்காரக்கூட விடவில்லை பார், படுக்க வைத்துவிட்டார்கள்" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

துறைமுகம் என்பது ஒரு கதவு. அது யாருக்குத் திறக்கிறது, எதற்குத் திறக்கிறது? இந்த வினாவோடுதான் மறுநாள் கரையோரம் நடக்கப் புறப்பட்டோம்.

நகரப் பேருந்து கடலோரமாகவே சென்று, கல்லெலோங் என்னும் சிற்றூரில் நம்மை இறக்கிவிட்டது. அங்கே சாலை முடிகிறது. அதற்கப்பால் ஒற்றையடிப் பாதைதான். பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகத் தீட்டிய கோடுகளே வழிகாட்டி. வெண்சுண்ணாம்புக்கல் மலைகள் நேரே கடலில் காலை நனைத்து நிற்கின்றன. மலையைப் பிளந்து கடல் உட்புகுந்த இடுக்குகளைக் 'கலாங்க்' என்கின்றனர். நீரின் நிறத்துக்கு நம்மிடம் சொல் இல்லை. நீலமும் பச்சையும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன. மண்ணே இல்லாத பாறையிடுக்கிலும் தேவதாரு இனத்து மரங்கள் வேர் பிடித்திருக்கின்றன. தரையோடு ஒட்டிய முட்செடி ஒன்றுக்கு அவ்வூரார் 'மாமியார் மெத்தை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாமியார்க் கொடுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்!

சிறிது தொலைவு நடந்ததும் தோழர் நின்றார். கடலில் வெண்மையாகச் சில தீவுகள். அவற்றுள் ஒன்றைச் சுட்டி, "அதுதான் ழார் தீவு" என்றார். மரமில்லை, மனையில்லை, வெறும் பாறை. ஆனால் அந்தப் பாறையைப் பற்றி அறிந்தவர் அதை எளிதில் கடந்து போக இயலாது.

1720ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள். 'கிரான்-சேன்-அந்துவான்' என்னும் கப்பல், கிழக்கத்திய நாடுகளிலிருந்து பட்டும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு மார்சேயை அடைந்தது. வழியிலேயே பலர் மாண்டிருந்தனர். கப்பல் மருத்துவரும் அவர்களுள் ஒருவர். பிளேக் எனும் கொள்ளைநோயை மார்சேய் அறியாததன்று. அதைத் தடுக்க வகையான விதிகளும் அதனிடம் இருந்தன. ஐயத்துக்குரிய கப்பல் ஊரை நெருங்கக்கூடாது; ழார் தீவில் நிற்க வேண்டும்; ஆளும் சரக்கும் குறித்த நாள் வரை தனித்திருக்க வேண்டும். நல்ல விதி! தெளிந்த விதி! அதைக் காப்பதற்கென்றே ஓர் அலுவலகமும் இருந்தது.

பின் என்ன நேர்ந்தது? சூலைத் திங்கள் பொக்கேர் என்னும் ஊரில் பெருஞ்சந்தை கூடும். சரக்கு அதற்குள் கரையேறினால் கொள்ளை ஆதாயம். தீவில் கிடந்தால் நட்டம். சரக்கில் பங்குடையோர் யார்? நகரை ஆண்ட மன்றத்தாருள் முதல்வரான ழான்-பத்தீஸ்த் எஸ்தெல் அவர்களுள் ஒருவர்! சட்டத்தைக் காக்க வேண்டியவரின் பொருளே சட்டத்தின் வாயிலில் காத்துக் கிடந்தது. விதி நிமிர்ந்து நிற்குமா? வளைந்தது. விலையுயர்ந்த சரக்கு தீவுக்குப் போகாமல், நகரை அடுத்த ஒதுக்கிடத்திலேயே இறக்கப்பட்டது. துணிப் பொதிகள் மறைவாக ஊருக்குள் நழுவின. துணியோடு தெள்ளுப்பூச்சியும், பூச்சியோடு நோயும் நுழைந்தன.

முதலில் மாண்டவர்கள் எவர்? பொதி சுமந்த கூலிகள். பிறகு பழைய நகரின் இருண்ட சந்துகளில் வாழ்ந்த ஏழைகள். சூன் 20ஆம் நாள் பெல்-தாப்ல் தெருவில் ஒரு பெண் இறந்தாள். சூலைத் தொடக்கத்தில் பெய்சொனெல் என்னும் மருத்துவரும் அவர் மகனும் ஆட்சி மன்றத்தாரிடம் சென்று, வந்திருப்பது பிளேக்தான் என்று எச்சரித்தனர். செவி சாய்த்தாரில்லை. எச்சரிக்கையை ஏற்றால் வணிகம் நின்றுவிடுமே! ஆகஸ்டு இறுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 பேர் மடிந்தனர். ஏறக்குறைய 90,000 மக்கள் வாழ்ந்த நகரில் சுமார் 40,000 பேர் மாண்டனர். வசதி படைத்தோர் பலர் நாட்டுப்புற மாளிகைகளுக்கு ஓடினர். ஓட வழியற்றவர் தெருவில் கிடந்தனர்.

பிணங்களை யார் அகற்றுவது? போர்க்கப்பல்களில் துடுப்பு வலிக்க விலங்கிடப்பட்டிருந்த கைதிகளை ஏவினர். செப்டம்பர் 16ஆம் நாள் ரோஸ் என்னும் வீரர், துரெத் மேட்டில் அழுகிக் கிடந்த ஏறத்தாழ 1,200 உடல்களைக் கைதிகளையும் படைவீரரையும் கொண்டு புதைத்தார். ரோஸ் பிழைத்தார்; அவருக்குச் சிலை உண்டு. அவரோடு இறங்கிய கைதிகளில் மிகச் சிலரே பிழைத்தனர். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

ஆயர் பெல்சன்ஸ் ஊரை விட்டு ஓடவில்லை. நோயாளிகளிடையே நடந்தார், உதவினார். அதை மறைப்பது நேர்மையாகாது. நவம்பர் 1ஆம் நாள் அவர் பெரும் ஊர்வலம் நடத்தி, நகரையே திருஇருதயத்துக்குக் காணிக்கையாக்கினார். ஊர்வலத்தால்தான் நோய் ஓடிற்று என்போருக்கு ஒரு செய்தி: அதற்கு முன்பே சாவு குறையத் தொடங்கியிருந்தது, 1722இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. இந்நோயின் நுண்ணுயிரியை 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்தவர் எர்சேன் என்னும் மருத்துவர். நுண்ணோக்கியின் முன் அமர்ந்த பொறுமை, மந்திரமும் வேண்டுதலும் தராத விடையைத் தந்தது.

கப்பலை ழார் தீவினருகே 1720 செப்டம்பரில் எரித்தனர். எரிந்த கட்டைகளைக் கடலடியிலிருந்து மூழ்குவோர் 1978இல் கண்டெடுத்தனர். கப்பல் தலைவர் ஷத்தோவை இஃப் தீவுச் சிறையில் அடைத்தனர். அவர் வெளிவர ஏறத்தாழ மூன்றாண்டு ஆயிற்று. சரக்கின் பங்காளி எஸ்தெல்? அவருக்கு மன்னர் பிரபுப் பட்டம் வழங்கினார்! கூலிக்குக் குழி, மாலுமிக்குச் சிறை, முதலாளிக்குப் பட்டம். ழார் தீவு நமக்குச் சொன்ன வரலாறு இது.

அன்று மாலை வரை மேடும் பள்ளமுமாக நடந்து, சொர்மியூ வழியாக மொர்ஜியூ இடுக்கை அடைந்தோம். அங்கே கடல்மட்டத்துக்குக் கீழே 37 மீட்டர் ஆழத்தில் ஒரு குகையின் வாய் இருக்கிறது. 1985இல் கொஸ்கேர் என்னும் மூழ்குநர் அதனுள் நுழைந்தார். சுவர்களில் குதிரைகள், கடல்நாய்கள், மனிதக் கைகளின் பதிவுகள்! சில 27,000 ஆண்டுப் பழமையுடையவை. அந்நாளில் கடல் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. குகை கரையிலிருந்து எட்டத்தில் இருந்தது. குகைக்குள் செல்ல நமக்கு வழியில்லை. 2022இல் நகரில் திறக்கப்பட்ட அதன் மாதிரியில் அக்கைகளைக் கண்டோம். அந்தக் கைக்குரியவர் என்ன மொழி பேசினாரோ, என்ன நிறமோ! கிரேக்கனுக்கும் முன்னால், நன்னுஸ் அரசனுக்கும் முன்னால் வந்தவர். 'நாங்களே இம்மண்ணின் முதற்குடி, நீ வெளியே போ' என்று எவன் கூவினாலும், அந்தக் கை அவன் முகத்துக்கு நேரே எழுந்து நிற்கிறது.

மூன்றாம் நாள் கிழக்கே உள்ள காசிக்குச் சென்றோம். கங்கைக்கரைக் காசியன்று, அந்த மீனவர் ஊரின் பெயரை அவ்வூரார் அப்படித்தான் ஒலிக்கின்றனர். இங்கே பாவம் கழுவ எவரும் வருவதில்லை. கல் வெட்ட வந்தனர். போர்-மியூ இடுக்கின் சரிவுகளில் கற்சுரங்கத்தின் வெட்டுத் தழும்புகள் இன்றும் தெரிகின்றன. இயற்கையைச் சுரங்கம் விழுங்குவதை எதிர்த்து 1910இல் பொதுமக்கள் இங்கே திரண்டு நின்றனர். ஆனாலும் கரை முற்றும் தப்பவில்லை. சோப்புக்கு வேண்டிய சோடாவையும், ஈயத்தையும் ஆக்கிய 19ஆம் நூற்றாண்டு ஆலைகளை நகரத்தார் இந்தக் கரையோரம் தள்ளிவைத்தனர். அவற்றின் இடிபாடுகளைக் கல்லெலோங் செல்லும் வழியிலேயே கண்டோம். அம்மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் இன்னும் தங்கியிருக்கின்றன. துணியை வெளுக்கச் செய்த பொருள் மண்ணைக் கறையாக்கிற்று. ஓர் அலுமினா ஆலையின் செஞ்சேறு 1960களிலிருந்து 2015 இறுதி வரை காசிக்கு எதிரே ஆழ்கடலில் கொட்டப்பட்டது. 2012இல்தான் இக்கரை தேசியப் பூங்காவாயிற்று.

இப்போது இங்கே ஒரு கதவு மூடப்பட்டிருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். சுஜித்தோன் என்னும் இடுக்குக்கு நாள்தோறும் 2,500 பேர் வரை குவிந்து, மண் அரிந்து, மரவேர்கள் வெளியே வந்துவிட்டன. 2022 முதல் கோடையில் நாளொன்றுக்கு 400 பேருக்கே இசைவு. முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. செல்வருக்கும் கூலிக்கும் ஒரே வரிசை. கதவை மூடுவது தவறன்று என்பதை இங்கே உணர்ந்தோம். 1720இலும் மூட வேண்டிய கதவு ஒன்று இருந்தது. ஒரு செல்வரின் பொருட்டு அதைத் திறந்ததே கேடு.

அன்றிரவு நகருக்குத் திரும்பி, நொவாய் சந்தைத் தெருக்களில் நடந்தோம். மிளகாய், புதினா, பேரீச்சை, உப்பிட்ட ஒலிவக் காய். எல்லா நாட்டு மணமும் ஒரே தெருவில். இத்தாலியர் வந்தனர். இனக்கொலைக்குத் தப்பிய ஆர்மீனியர் 1920களில் வந்தனர். அல்சீரியாவிலிருந்து 1962இல் இலட்சக்கணக்கானோர் வந்திறங்கினர். கொமொரோ தீவினர் வந்தனர். கப்பலில் சுமை இறக்கியவர், ஆலையில் வெந்தவர், வீடு கட்டியவர் எல்லாம் இவர்களே.

நகரம் மலர்ந்த முகத்தோடு வரவேற்றது என்று நாம் பொய்யுரைக்கவில்லை. 1881 சூனில் இத்தாலியரைத் தெருத் தெருவாக விரட்டி அடித்தனர், மூவர் மாண்டனர். 1962இல் நகரத் தலைவரே, வந்தவர்கள் வேறிடம் பார்க்கட்டும் என்றார். 1943 சனவரியில் செருமானியப் படையும் பிரெஞ்சுக் காவல்துறையும் சேர்ந்து பழைய துறைமுகத்தின் வடகரையை வளைத்தன. இருபதாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். யூதர் உள்ளிட்ட 1,600க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பிப்ரவரியில் ஏறத்தாழ 1,500 வீடுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கு வாழ்ந்த மக்களையே அழுக்கு என்று பழித்தவர்கள் அதற்குத் துப்புரவு என்று பெயரிட்டனர்!

சந்தையை ஒட்டி ஒபாஞ் தெரு ஏறிச் செல்கிறது. அதில் வரிசையான வீடுகளிடையே ஒரு வெற்றிடம், விழுந்த பல்லின் இடைவெளி போல. 2018 நவம்பர் 5ஆம் நாள் காலை இரண்டு பழங்கட்டடங்கள் அங்கே சரிந்து விழுந்தன. எட்டுப் பேர் மாண்டனர். சுவர் விரிகிறது, கதவு சாத்த வரவில்லை என்று குடியிருந்தோர் முறையிட்டிருந்தனர். ஆறாண்டுக்குப் பின், 2024இல், வழக்கு விசாரணைக்கு வந்தது. அருகிலுள்ள சிறு சதுக்கத்துக்கு மக்கள் அந்த நாளையே பெயராகச் சூட்டியிருக்கின்றனர்.

நெடுநேரம் பேசாமல் நின்றோம். 1720இல் மருத்துவரின் எச்சரிக்கை. 2018இல் குடியிருந்தோரின் எச்சரிக்கை. இடையே 298 ஆண்டுகள்! புரட்சி வந்தது, மன்னர் போனார், அறிவியல் வளர்ந்தது. ஆயினும் ஏழையின் சொல் ஆட்சியாளரின் செவிக்கு ஏறும் படிக்கட்டு மட்டும் இன்னும் கட்டி முடியவில்லை. தோழர்தான் மௌனத்தைக் கலைத்தார்: "ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லப் போகிறாய்?"

சொல்வோம். வந்தேறிகளால் ஒரு நகரம் கெட்டது என்று எவரேனும் சொன்னால், மார்சேயைப் பார் என்போம். கிண்ணம் நீட்டப்பெற்ற அயலான் அதைக் கட்டினான். சுமை தூக்கிய அயலான் அதை வளர்த்தான். நாற்பதாயிரம் உயிரைக் குடித்த நாளில் நுழைந்தது அகதியின் மூட்டையன்று, ஊர்த் தலைவரின் சரக்கு. ஆகவே மாணவனே, ஒரு நாட்டின் வாயிலில் நின்று, 'உள்ளே வருவது யார்?' என்று மட்டும் கேளாதே. 'விதி யாருக்காக வளைகிறது?' என்று கேள். கேட்கத் துணிந்த மக்கள் உள்ள ஊரில்தான் துறைமுகம் மக்களுக்குத் திறக்கும்.